கீல் தேடிப் போன இடத்தில்

தனகோடிக்கு உடம்பு என்பது ஒரு பொருட்டே இல்லை. கல்யாணமாகி மரக்காணம் வந்த வருஷமே உப்பளத்தில் இறங்கியவள். பாத்தியில் உப்பு வாருவது, கூடையில் அள்ளித் தலையில் ஏற்றிக் குவியலில் கொட்டுவது என்று ஆரம்பித்த வேலை, ஐம்பதைத் தாண்டியும் நிற்கவில்லை. கால் வெடித்தால் தேங்காய் எண்ணெய். கை வெந்தால் மோர். ஆஸ்பத்திரிப் பக்கம் போனது பிள்ளை பெற மட்டும்தான். கூட வேலை செய்கிற பெண்கள் மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் மாத்திரை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வரும்போது இவள் சிரிப்பாள். தன் உடம்பு உப்புத் தண்ணியில் ஊறின உடம்பு, கருவாடு மாதிரி, கெட்டுப் போகாது என்பாள்.

அவளைத் தவிர வீட்டில் மூன்று பேர். கணவர் அப்பாவுக்கு இறால் பண்ணையில் காவல் வேலை. மகன் மணிவண்ணன் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் தங்கி வேலை செய்கிறான், ஞாயிற்றுக்கிழமை வந்துபோவான். மருமகள் கலைமதி தினமும் காலையில் வேன் ஏறி ஒரு செருப்புக் கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போகிறவள். மாமியாருக்கும் மருமகளுக்கும் பெரிதாகச் சண்டை வந்ததில்லை. அந்த ஜன்னல் உடைகிற வரைக்கும்.

வீட்டுக்குப் பக்கவாட்டில் ஆள் ஒருவர் போகிற அளவுக்கு ஒரு சந்து. சமையல்கட்டின் ஜன்னல் அந்தச் சந்தைப் பார்த்துத் திறக்கும். மரக் கதவு, தேக்கு. வீடு கட்டும்போது அப்பாவு எங்கோ இடித்த பழைய வீட்டிலிருந்து வாங்கி வந்து பொருத்தியது. அன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்; அந்த வாரம் மணிவண்ணன் வரவில்லை. தனகோடி இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு சந்துக்குள் திரும்பினாள். ஜன்னல் கதவு பாதி திறந்து வழியில் நீட்டிக்கொண்டிருந்தது. நேராகப் போய் மோதினாள். கதவின் முனை இடது புருவத்தில் இறங்கியது. குடம் விழுந்து உருண்டது. அவள் போன வேகத்துக்கு, உப்புக் காற்றில் ஏற்கனவே இற்றுப் போயிருந்த கீழ்க் கீல் பட்டென்று முறிந்து, கதவு மேல்கீலில் மட்டும் தொங்கியது.

வழிந்த ரத்தத்தை முந்தானையால் அழுத்திக்கொண்டு அவள் கத்தின கத்தலில் எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடியது. கதவைத் திறந்து போட்டது யார், ஆள் நடக்கிற வழி என்று தெரியாதா, கண்ணில் குத்தியிருந்தால் யார் பதில் சொல்வது என்று மருமகளைப் பிடித்துக்கொண்டாள். கலைமதி குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். மாமியார் விடாமல் கத்தவும், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"பட்டப்பகல்ல அம்மாம் பெரிய கதவு நிக்குது. உங்களுக்குக் கண்ணு தெரியலையா அத்தை?"

அந்த ஒரு வார்த்தை தனகோடிக்குப் புருவத்துக் காயத்தைவிட வலித்தது. நேற்று வந்தவள் தன்னைப் பார்த்துக் கண் தெரியலையா என்று கேட்டுவிட்டாள் என்று அன்றிலிருந்து பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு போட்டால் சாப்பிடுவாள், கேட்டால் தலையாட்டுவாள். அவ்வளவுதான்.

பேச்சு நின்றாலும் காற்று நிற்கவில்லை. மூடாத ஜன்னல் வழியே கடல்காற்று நேராக அடுப்பில் வந்து விழுந்தது. தாளிக்கிற எண்ணெயில் மணல் விழுந்தது. தச்சர் தெய்வசிகாமணி வந்து பார்த்துவிட்டு, மரம் கல் மாதிரி இருக்கிறது, கீல் மட்டும்தான் போயிருக்கிறது என்றார். ஆனால் சாதாரணக் கீல் போட்டால் ஆகாது. இது எச் எழுத்து மாதிரி இருக்கிற பழைய காலத்துக் கீல், இதைப் போட்டால்தான் கதவு முழுசாகத் திரும்பிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், வேறு எதைப் போட்டாலும் சந்தில் குறுக்கே நிற்கும், மறுபடியும் யாராவது மோதுவீர்கள் என்று சொல்லி, முறிந்த கீலைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அதை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தனகோடி அலைந்தாள். மரக்காணம் கடைத்தெருவில் இருக்கிற இரும்புக் கடைகளில் அதைப் பார்த்தவர்கள் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களே தவிர எடுத்துக் கொடுக்க ஒருவரிடமும் இல்லை. இப்போதெல்லாம் அலுமினியம், பிளாஸ்டிக் ஜன்னல்தான், இதை யார் கேட்கிறார்கள் என்றார் ஒருவர். அளத்துக்கு லீவு சொல்லிவிட்டுத் திண்டிவனம் போய்ப் பார்த்தாள். அங்கே இருந்தது, ஆனால் பாதி அளவு, பீரோவுக்குப் போடுகிற மாதிரி. கடைசியில் அந்தக் கடைக்காரர்தான், பொம்மையார்பாளையத்தில் பழைய வீட்டுச் சாமான் கடைகள் இருக்கின்றன, இடித்த வீட்டுக் கதவு ஜன்னலெல்லாம் அங்கேதான் வந்து சேரும், அங்கே கிடைக்காவிட்டால் எங்கேயும் கிடைக்காது என்றார்.

அடுத்த வாரம் பாண்டிச்சேரி பஸ் ஏறிப் போய் பொம்மையார்பாளையத்தில் இறங்கினாள். ரோட்டோரமாகவே தகரக் கொட்டகை போட்டு ஒரு கடை. நிலைக்கதவுகள், தூண்கள், கம்பி போட்ட ஜன்னல்கள், சாமி அறைக் கதவுகள் என்று வரிசையாகச் சாத்தி வைத்திருந்தார்கள். கடைக்காரர் புருஷோத்தமன், அறுபது வயசிருக்கும், கீலைப் பார்த்ததும் இருக்குதும்மா என்று சொல்லிவிட்டார். தனகோடிக்கு உயிர் வந்தது. அவர் ஒரு பழைய சிமெண்டுத் தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவி நாலைந்தை எடுத்து மேசைமேல் போட்டார்.

"ஓட்டை சரியா ஒக்காருதான்னு பாத்துக்கோம்மா. மாறிப்போச்சுன்னா மரத்தைப் புதுசா குடையணும்" என்றார்.

தனகோடி பழைய கீலை ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தாள். ஒன்று பொருந்துகிற மாதிரி இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்து, கொட்டகை வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஓட்டை வழியாகப் பார்த்தாள். பழையதில் துரு அடைத்திருந்தது. வாயால் ஊதினாள். துருத் துகள் பறந்து வலது கண்ணில் விழுந்தது. கண்ணை இறுக மூடி முந்தானையால் அழுத்திக்கொண்டு, மூடிய கண் மூடியபடியே இருக்க, மறுபடியும் கீலைத் தூக்கிப் பிடித்தாள்.

கீல் இல்லை. கை இல்லை. கொட்டகை இல்லை.

"கரண்ட் போயிடுச்சாண்ணா?" என்று கேட்டாள்.

கேட்டு முடிக்கும்போதே அந்தக் கேள்வி அவளுக்கே கோணலாகப் பட்டது. பகல் பதினோரு மணி. கரண்ட் போனால் ரோட்டில் அடிக்கிற வெயிலும் கூடவா போய்விடும்?

"இல்லையேம்மா. ஃபேன் சுத்துது பாரு" என்றார் புருஷோத்தமன்.

ஃபேன் சுற்றுகிற சத்தம் அவளுக்கும் கேட்டது. ரோட்டில் லாரி போகிற சத்தம் கேட்டது. கையில் கீலின் கனம் இருந்தது. பார்வைதான் இல்லை. இருட்டு என்றும் சொல்ல முடியாது. இருட்டென்றால் இருட்டாகவாவது தெரியும். இது தெரியவே இல்லை, முதுகுப்பக்கம் எப்படித் தெரியாதோ அந்த மாதிரி. எங்கோ ஒரு ஓரத்தில் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி ஒரு வெளுப்பு. துரு விழுந்து இரண்டு கண்ணும் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். பதறி வலது கண்ணைத் திறந்தாள். எரிந்தது, தண்ணீர் கொட்டியது, ஆனால் எல்லாம் அப்படியே இருந்தன. கீல், கை, தூண்கள், புருஷோத்தமனின் கட்டம் போட்ட சட்டை.

மறுபடி வலது கண்ணை மூடினாள். எல்லாம் போயின.

திறந்தாள். வந்தன.

இடது கண்ணை மூடினாள். எதுவும் மாறவில்லை. அந்தக் கண்ணை மூடினதும் மூடாததும் ஒன்றாகவே இருந்தது.

கண்ணில் தூசியா என்று கேட்டு அவர் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அதை வாங்கி முகத்தில் அடித்துக்கொண்டு, மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தாள். கழுவினால் வந்துவிடும் என்று சொம்புத் தண்ணீர் தீருகிற வரை அடித்தாள். முகத்தைத் துடைக்காமலே திரும்பி நடந்தவள், பஸ் நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டாள். பக்கத்தில் யாரோ "ஏம்மா, ஏம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பது கேட்டது. சுற்றிப் பார்த்தாள், யாரும் இல்லை. முழுசாக இடப்பக்கம் உடம்பைத் திருப்பின பிறகுதான், மஞ்சள் பையை நீட்டிக்கொண்டு புருஷோத்தமன் ஒரு முழத் தூரத்தில் மூச்சிரைக்க நிற்பது தெரிந்தது.

"வாங்க வந்ததையே வுட்டுட்டுப் போறியே. உடம்பு சரியில்லையாம்மா?" என்றார்.

பொருந்தின கீலையும் போட்டு வைத்திருந்த அந்தப் பையை வாங்கிக்கொண்டாள். காசைக் கொடுத்தாளா, அவர் பாக்கி தந்தாரா, எதுவும் நினைவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்க வலது கண்ணை மூடுவதும் திறப்பதுமாகவே வந்தாள். அனுமந்தை தாண்டியதும் உப்பளம் ஆரம்பிக்கும். வெள்ளை வெளேரென்று குவியல்கள், பாத்தித் தண்ணீரில் தெரிகிற வானம், தூரத்தில் கூடை சுமக்கிற ஆட்கள். வலது கண்ணைக் கையால் மூடினால் அத்தனையும் ஒரேயடியாகத் துடைத்துப் போட்ட மாதிரி இல்லாமல் போயின. பார்க்கவே கண் கூசுகிற அந்த வெள்ளைகூட அந்தக் கண்ணுக்குப் போய்ச் சேரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் இவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

ஒவ்வொன்றாக அவளுக்குப் பிடிபட ஆரம்பித்தது. வரப்பில் நடக்கும்போது ஒரு வருஷமாகவே இடது கால் அடிக்கடி பாத்திக்குள் சறுக்குகிறது. வயசு என்று நினைத்திருந்தாள். டம்ளருக்கு வெளியே டீயை ஊற்றுகிறாள். கை நடுக்கம் என்று நினைத்திருந்தாள். பெரியாண்டவர் கோயிலில் நாத்தனார், தான் பக்கத்தில் வந்து நின்றும் இவள் பேசவில்லை என்று கோபித்துக்கொண்டு போனாள். அவள் வந்ததே தெரியாது என்று இவள் சத்தியம் செய்தாள், யாரும் நம்பவில்லை. அப்புறம் சந்தில் நின்ற அந்தக் கதவு. இடது புருவம். மருமகள் கேட்ட கேள்வி.

அந்த இடத்துக்கு நினைப்பு வந்ததும் தனகோடி இடது புருவத்துத் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். கலைமதி திட்டுவதற்காகக் கேட்டது. கேட்டது நிஜமாக இருந்திருக்கிறது. இந்த உடம்புக்குள் இருக்கிற தனக்கே தெரியாமல்.

சாயங்காலம் கலைமதி வேலை முடிந்து வந்து, வழக்கம்போல ஒன்றும் பேசாமல் டீ போட்டு எடுத்துவந்தாள். இடப்பக்கத்திலிருந்து கை நீண்டது. திடீரென்று மடியருகே டம்ளர் முளைத்ததைப் பார்த்துத் தனகோடி துள்ளிவிழுந்தாள். டீ சிந்தியது. இத்தனை நாள் இல்லாத பேச்சு அப்போது வந்தது.

"கலைமதி, எனக்கு இந்தக் கண்ணு தெரியலம்மா."

கலைமதியின் முகம் சுருங்கியது. "அன்னிக்கு வாய் தவறி சொன்னதுக்கு இன்னும் எத்தினி நாளைக்கு அத்தை குத்திக் காட்டுவீங்க?" என்றாள்.

தனகோடி சண்டைக்குப் போகவில்லை. வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு கலைமதியின் குரல், பக்கத்தில், தாழ்ந்து கேட்டது.

"எத்தினி?"

"எது எத்தினி?" என்றாள் தனகோடி.

கையை எடுத்துப் பார்த்தாள். மருமகள் அவள் முகத்துக்கு நேராக, மூக்கில் படுகிற தூரத்தில், மூன்று விரலை விரித்து நீட்டிக்கொண்டு நின்றாள். நீட்டின கையை மடக்கவும் தோன்றாமல் கலைமதி தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். என் வாய்தான், என் நாக்குதான் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அது அன்றைக்கு முன்னாடியே போயிருக்கும், உன் வாய்க்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்று தனகோடிதான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

அப்பாவு பண்ணையிலிருந்து வந்ததும் சொன்னார்கள். அவர் அதிகம் பேசாத மனுஷன். தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தார். பார்வைக்கு இரண்டு கண்ணும் ஒன்றுபோலத்தான் இருந்தன. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார். தனக்கே இன்றைக்குத்தான் தெரியும் என்று அவள் சொன்னதை அவரால் நம்ப முடியவில்லை. ஒரு கண் போவது ஒருத்திக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? அதே கேள்வியைத்தான் அவளும் பஸ் ஏறினதிலிருந்து தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுக் கலைமதிதான் பாண்டிச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மருந்து விட்டார்கள், இருட்டறையில் மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொன்னார்கள், மினுக்மினுக்கென்று வருகிற புள்ளிகளைப் பார்த்துப் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். இடது கண் முறை வந்தபோது தனகோடி பட்டனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மிஷின் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றே நினைத்தாள். முடிந்துவிட்டது, எழுந்திரும்மா என்றார்கள்.

டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஏறி, மூளைக்குப் போகிற நரம்பு காய்ந்துவிட்டது என்றார். வலி இருக்காது, சிவப்பு இருக்காது, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வரும், இன்னொரு கண் நன்றாக இருந்தால் அதுவே எல்லாவற்றையும் ஈடுகட்டிக்கொண்டு போய்விடும், ஆளுக்குத் தெரியவே தெரியாது என்றார். எப்போதிலிருந்து தெரியவில்லை என்று கேட்டார். மகன் கல்யாணத்தை இரண்டு கண்ணாலும் பார்த்தாளா, ஒரு கண்ணாலா? தெரியாது. அந்தக் கண் கடைசியாக எதைப் பார்த்தது என்பதே தெரியாது.

"உப்பு வெள்ளையைப் பாத்துப் பாத்துதான் போச்சுங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. வெயில் கூசுறது கண்ணுக்கு வேற கெடுதல் பண்ணும். இது அதனால வர்றது இல்ல" என்றார் டாக்டர்.

அதுவும் அவளுக்கு ஓர் அடியாக இருந்தது. உப்பைக் குற்றம் சொல்லலாம் என்றுதான் வந்திருந்தாள். இப்போது குற்றம் சொல்ல யாரும் இல்லை. போனது போனதுதான், ஆபரேஷன் செய்தாலும் வராது என்றார்கள். வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது, சொட்டு மருந்தை ஒருநாள்கூட விடாமல் போட்டுக்கொண்டால் அதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். இது ரத்த சொந்தத்தில் ஓடும், பிள்ளையும் கூடப் பிறந்தவர்களும் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, தனகோடிக்குத் தன் அம்மா ஞாபகம் வந்தது. அம்மா கடைசிக் காலத்தில் சுவரைத் தடவித் தடவித்தான் நடந்தாள். வயசாகிவிட்டது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

மணிவண்ணன் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தான், மறுநாளே போய்த் தன் கண்ணைக் காட்டினான். அவனுக்கு ஒன்றும் இல்லை, வருஷம் ஒருமுறை வந்து காட்டு என்று அனுப்பிவிட்டார்கள். வேலைக்குத் திரும்புவதற்கு முன் தெய்வசிகாமணியைக் கூப்பிட்டு ஜன்னல் கதவையும் மாட்டிவிட்டுப் போனான். கதவு சுவரோடு ஒட்டி நின்றது. தனகோடி அதை நின்று பார்க்கக்கூட இல்லை. அவள் நினைப்பெல்லாம் வானூரில் இருக்கிற தங்கை ஜெயாவின் மேல் இருந்தது.

போனில் சொன்னபோது ஜெயா சிரித்தாள். ஊசியில் நூல் கோக்கிறேன், எனக்கு என்னக்கா என்றாள். இரண்டாம் முறை கூப்பிட்டபோது வேலை இருக்கிறது என்றாள். மூன்றாம் முறை போனையே எடுக்கவில்லை. தனகோடி பஸ் ஏறி வானூர் போய், வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த தங்கையின் எதிரில் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் அவள் வலது கண்ணைத் தன் கையால் பொத்தினாள். ஜெயாவுக்குக் கீரைக் கட்டு தெரிந்தது. இடது கண்ணைப் பொத்தினாள். அதிலும் தெரிந்தது. பாத்தியா என்று ஜெயா அக்காவின் கையைத் தட்டிவிட்டாள். தனகோடி எழுந்திருக்கவில்லை. எனக்கும் ஒருநாள் இப்படித்தான் இரண்டு கண்ணும் தெரிந்துகொண்டிருந்திருக்கும் என்றாள்.

அதற்குப் பிறகுதான் ஜெயா புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

அவளுக்குப் பார்வை முழுசாக இருந்தது. அழுத்தம் மட்டும் இரண்டு கண்ணிலும் ஏறியிருந்தது. நல்ல வேளை, இப்போதே வந்தீர்கள் என்றார் டாக்டர். ஜெயாவுக்கு அது நல்ல வேளையாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டு, நீ வராமல் இருந்திருந்தால் நான் பாட்டுக்கு நிம்மதியாக இருந்திருப்பேன் என்று அக்காவிடம் எரிந்து விழுந்தாள். வானூர் பஸ்ஸில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். தனகோடி அந்த பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் சாயங்காலம் அளத்திலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருக்கும்போது கலைமதி போனைக் கொண்டுவந்து வலது பக்கமாக நீட்டினாள். அந்தப் பக்கத்தில் ஜெயா. கோபம் தீர்ந்த குரல் இல்லை.

"அந்த மருந்து ஒரே எரிச்சலா எரியுதுக்கா. உனக்கும் எரியுதா?"

"எரியும். கண்ண மூடிக்கினு கொஞ்ச நேரம் படுத்துக்கோ" என்றாள் தனகோடி.